பெரியவன் கட்சி, சின்னவன் கட்சி

எங்கள் வீட்டில் இரண்டு பிள்ளைகள், இரண்டு கட்சிகள். நடுவில் நான்.

கட்சி என்றதும் அரசியல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த விஷயத்தில் எங்கள் குடும்பம் பரம சாது. இது கம்ப்யூட்டர் விளையாட்டுக் கட்சி. பெரியவன் 'க்வேக்' கட்சி. சின்னவன் 'அன்ரியல் டோர்னமெண்ட்' கட்சி. 1999-ம் வருஷக் கடைசியில் ஆரம்பித்த சண்டை. சின்னவன் உதட்டில் தையல் போடுகிற அளவுக்குப் போய், அப்புறம் ஒரு மாதிரியாக அடங்கியது. முழுக்க அடங்கிவிட்டது என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் பண்ண முடியாது.

அப்போது நாங்கள் அமெரிக்காவில், டாலஸ் நகரத்தை ஒட்டிய ரிச்சர்ட்சனில் குடியிருந்தோம். டெலிபோன் சம்பந்தப்பட்ட கம்பெனிகள் வரிசையாக இருந்த ஊர் அது. அதில் ஒன்றில் இவருக்கு வேலை. பெரியவனுக்குப் பதினேழு வயசு, ஸ்கூலில் கடைசி வருஷம். சின்னவனுக்குப் பதின்மூன்று.

இந்த விளையாட்டு என்ன என்று தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சடுகுடு மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். கதை கிடையாது. ராஜகுமாரியைக் காப்பாற்றுகிற வேலையெல்லாம் இல்லை. ஓர் அரங்கம். அதற்குள்ளே நாலைந்து பேர், சமயத்தில் பத்துப் பதினைந்து பேர். ஆடுகிறவனே உள்ளே நிற்பது போலத் திரையில் காட்சி தெரியும். தன் கையும் துப்பாக்கியும் மட்டும் கண்ணில் படும். எல்லோருக்கும் ஆரம்பத்தில் ஒரே சாதாரண ஆயுதம். நல்ல ஆயுதம் வேண்டுமானால் ஓடிப் போய்த் தரையிலிருந்து எடுத்துக் கொள்ள வேண்டும். செத்தால் மறுநொடியே வேறு மூலையில் உயிர் வந்துவிடும். நேரம் முடியும்போது யார் அதிகம் பேரை வீழ்த்தினானோ அவன் ஜெயித்தவன். அவ்வளவுதான் விளையாட்டு. பணக்காரன் வீட்டுப் பையனும் ஏழை வீட்டுப் பையனும் ஒரே இடத்திலிருந்து தொடங்குகிற ஆட்டம் என்று பெரியவன் பெருமையாகச் சொல்வான். அந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக் கொள்ளுங்கள்.

க்வேக்கைச் செய்தவர்கள் இட் சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள். 1993-ல் 'டூம்' என்ற விளையாட்டைச் செய்து உலகப் பிரசித்தி ஆனவர்கள். அவர்களுடைய ஆபீஸ் அப்போது டாலஸை ஒட்டிய மெஸ்கீட் என்ற ஊரில், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு கட்டடத்தில் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து காரில் அரைமணி. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் பெரியவன் ஜன்னலில் முகத்தை ஒட்டிக் கொள்வான். அங்கே ஜான் கார்மாக் என்று ஒரு மேதை. 1997-ல் நடந்த க்வேக் பந்தயத்தில் முதலாவதாக வந்த டென்னிஸ் ஃபாங் என்ற இளைஞனுக்குத் தன் சொந்த ஃபெராரி காரையே பரிசாகக் கொடுத்தவர். அந்தப் பிள்ளை ஹாங்காங்கில் பிறந்தவன். "பாத்தியாம்மா, ஆசியாக்காரன்தான்!" என்று பெரியவன் இதைக் குறைந்தது இருபது தடவையாவது எனக்குச் சொல்லியிருப்பான். நம் சொந்தக்காரப் பையன் ஐ.ஏ.எஸ். பாஸ் பண்ணின மாதிரி!

அன்ரியல் டோர்னமெண்டைச் செய்தது எபிக் கேம்ஸ். டிம் ஸ்வீனி என்பவர் மேரிலாந்தில் அப்பா அம்மா வீட்டில் இருந்துகொண்டே 1991-ல் தொடங்கிய கம்பெனி. பிற்பாடு வட கரோலினாவுக்கு வந்துவிட்டது. அன்ரியல் டோர்னமெண்ட் 1999 நவம்பரில் கடைக்கு வந்தது. க்வேக் III அரீனா டிசம்பரில். ஒரே தீபாவளிக்கு இரண்டு பெரிய நடிகர்களின் படம் ரிலீஸ் ஆன மாதிரிதான். ரசிகர்கள் சும்மா இருப்பார்களா?

எனக்கு இந்தக் காட்சி புதிதல்ல. திருச்சியில் நான் வளர்ந்த வீட்டில் என் பெரிய அண்ணா எம்.ஜி.ஆர். கட்சி, சின்ன அண்ணா சிவாஜி கட்சி. சாப்பாட்டுத் தட்டில் கை காயக் காய வாக்குவாதம் நடக்கும். ஆனால் 1967-ல் எம்.ஜி.ஆர். சுடப்பட்ட செய்தி வந்த அன்று, சிவாஜி கட்சி அண்ணாவும் ராத்திரி சாப்பிடாமல் படுத்துக் கொண்டான். அம்மா கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றான். எனக்கு அப்போது பத்து வயசு. அது என் மனசில் அப்படியே நின்றுவிட்டது.

என் பிள்ளைகளின் வாதத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக் கொண்டே இரண்டு கட்சிக்கும் வக்கீலாக நிற்பேன், அவ்வளவு தெரியும். க்வேக்கில் வேகம்தான் எல்லாம். ஓடும்போதே ஒரு தினுசாகப் பக்கவாட்டில் திரும்பிக் குதித்துக் கொண்டே போனால் வேகம் கூடிக்கொண்டே போகும். கவசம் ஓர் இடத்தில் கிடைக்கும்; எடுத்தால் இருபத்தைந்து விநாடி கழித்துத்தான் திரும்பவும் அங்கே வரும். கெட்டிக்காரன் சண்டை போட்டுக் கொண்டே மனசுக்குள் விநாடியை எண்ணிக் கொண்டிருப்பான். பெரியவன் தூக்கத்தில் எண்ணியதைக்கூட நான் கேட்டிருக்கிறேன். "இது சதுரங்கம்மா, வேகமா ஓடற சதுரங்கம்" என்பான்.

சின்னவன் விடமாட்டான். "அதுலே என்ன இருக்கு? நாலு ராக்கெட், ஒரு ரெயில் கன். எங்க ஆட்டத்துலே ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ரெண்டு விதமா சுடலாம். ஒரு உருண்டையை விட்டு, அதையே இன்னொரு குண்டாலே அடிச்சா வெடிக்கும், தெரியுமா? தட்டு மாதிரி ஒண்ணை வீசிட்டு, அது விழுந்த எடத்துக்கே போய் நிக்கலாம்!" என்று மூச்சு விடாமல் அடுக்குவான். அதில் ஓர் இடம் உண்டு. ஆகாயத்தில் மிதக்கிற பாறை மேல் எதிரும் புதிருமாக இரண்டு கோபுரங்கள். பின்னால் பூமி சுற்றிக் கொண்டிருக்கும். அந்தக் கொடியை இந்தக் கோபுரத்துக்குக் கொண்டு வர வேண்டும். அதை மட்டும் நானும் நின்று பார்த்திருக்கிறேன், அழகாகத்தான் இருந்தது.

நானே ஒரு நாள் ஆடிப் பார்த்தேன். ஐந்து நிமிஷத்தில் தலை சுற்றி, வாந்தி வருகிற மாதிரி ஆகி, இஞ்சி தட்டிப் போட்டு டீ குடித்துவிட்டுப் படுத்தேன். பஸ்ஸில் மலைப்பாதை ஏறினால் வருகிற மயக்கம்தான் இது. கண் ஓடுகிறது, உடம்பு உட்கார்ந்திருக்கிறது. சிலருக்கு ஒத்துக் கொள்ளாது.

பயமும் இருந்தது. அந்த வருஷம் ஏப்ரலில்தான் கொலராடோவில் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் இரண்டு மாணவர்கள் துப்பாக்கியோடு நுழைந்து, 12 மாணவர்களையும் ஓர் ஆசிரியரையும் கொன்றார்கள். அவர்கள் டூம் ஆடியவர்கள் என்று டி.வி.யில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இவர், "ரெண்டையும் தூக்கிக் குப்பையிலே போடு" என்றார். நான் போடவில்லை. லட்சக் கணக்கான பிள்ளைகள் ஆடினார்கள், எல்லோருமா துப்பாக்கி எடுத்தார்கள் என்று நினைத்தேன். ஆனால் இரண்டு டப்பாவிலும் 17 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று முத்திரை இருந்ததை நான் படித்துப் பார்க்காதது என் தப்புதான். பதின்மூன்று வயசுக்காரனுக்கு அன்ரியல் டோர்னமெண்டை வாங்கிக் கொடுத்தவளே நான்!

அதை வாங்கின கதையைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த டிஸ்க்கில் மாதிரி ஆட்டத்தை ஆடிப் பார்த்துவிட்டு, புது வருஷத்துக்கு அது வேண்டும் என்று கேட்டான் சின்னவன். "அண்ணாகிட்டதான் க்வேக் இருக்கே, அதையே நீயும் ஆடேன். வீட்டுக்கு ஒரு டிஸ்க் போதாதா?" என்று நம் குடும்பத்துக் கணக்கைச் சொன்னேன். "அது குப்பை!" என்று ஒரே கத்தல். கண்ணில் தண்ணீர் கூட வந்துவிட்டது. ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா என்று நான் அதிசயப்பட்டேனே தவிர, யோசிக்கவில்லை.

இப்போது கம்ப்யூட்டர் விஷயம். வீட்டில் 1997-ல் வாங்கின ஒன்று இருந்தது. காலேஜுக்குப் போகப் போகிறவன் என்று 1999 கோடையில் பெரியவனுக்குப் புதிதாக ஒன்று வாங்கினோம். பழையது சின்னவனுக்கு. அண்ணன் போட்ட சட்டை தம்பிக்கு, அக்கா பாவாடை தங்கைக்கு என்று வளர்ந்தவள் நான். இதில் தப்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

சின்னவன் திரையில் படம் சின்னதாக, கிட்டத்தட்ட ஒரு பெரிய தபால் உறை அளவுக்குத்தான் இருக்கும். சுற்றிலும் கறுப்பு. படமும் மணல் மணலாக இருக்கும். அவன் மூக்கு கண்ணாடியில் இடிக்கிற மாதிரிக் குனிந்து உட்கார்ந்திருப்பான். "தள்ளி உக்காரு, கண்ணு கெட்டுடும். அண்ணாவைப் பாரு, எவ்வளவு நிமிர்ந்து உக்காந்திருக்கான்" என்று தினமும் திட்டுவேன்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை ராத்திரி. அந்தக் காலத்து இன்டர்நெட் டெலிபோன் லைன் வழியாகத்தான் வரும். வீட்டுக்கு ஒரே லைன். அநேகமாகப் பெரியவன்தான் அதைப் பிடித்திருப்பான். சின்னவன் கம்ப்யூட்டரே ஆட்டுவிக்கிற பொம்மை ஆட்களோடு தனியாக ஆடிக் கொண்டிருப்பான். அன்றைக்குப் பெரியவன் யாரோடோ முக்கியமான ஒரு போட்டியில் இருந்தான். ஜெயிக்கப் போகிற நேரம். சின்னவன் ஹாலுக்குப் போய் டெலிபோன் ரிசீவரை எடுத்தான். எடுத்தால் இன்டர்நெட் அறுந்துவிடும் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

பெரியவன் ஓடி வந்து ஒரு தள்ளுத் தள்ளினான். சின்னவன் வாய் மேஜை விளிம்பில் பட்டது. ரத்தம். நடுராத்திரி ஆஸ்பத்திரிக்குக் காரை ஓட்டிக் கொண்டு போனார் இவர். கீழ் உதட்டில் இரண்டு தையல். பின் ஸீட்டில் அவனை மடியில் சாய்த்துக் கொண்டு நான் கேட்ட முதல் கேள்வி, "நீ ஏண்டா போனை எடுத்தே?" பெரியவனைக் கேட்க வேண்டியதை அப்புறம் கேட்டேன், பலமாகவே கேட்டேன். ஆனால் முதல் கேள்வி அது.

அதன்பின் இரண்டு பேரும் பேசிக் கொள்ளவில்லை. வாதமும் இல்லை, கத்தலும் இல்லை. 'அப்பாடா' என்றுதான் முதலில் இருந்தது. நாலு நாள் போனதும் சாப்பாட்டு மேஜையில் கரண்டி சத்தம் மட்டும் கேட்க ஆரம்பித்தது. அப்போதுதான் உறைத்தது. இந்தப் பிள்ளைகளுக்கு ஒருத்தரோடொருத்தர் பேச அந்த ஆட்டத்தைத் தவிர வேறு விஷயம் எப்போதோ தீர்ந்து போயிருந்தது.

மார்ச் மாதம் குளிர் குறைந்ததும் கம்பளிக் கோட்டுகளை மூட்டை கட்டச் சின்னவன் அறை அலமாரியைத் திறந்தேன். கோட்டுகளுக்குப் பின்னால் ஒரு டப்பா. க்வேக் III அரீனா. பெரியவனுடையதை எடுத்து ஒளித்துவிட்டானோ என்று கோபமாகத் திறந்தேன். உள்ளே ரசீது. 1999 டிசம்பர் தேதி. பனி நாளில் பக்கத்து வீட்டு நாயை நடத்திக் கொண்டு போய்ச் சேர்த்த காசு, இவர் கொடுத்த கைச்செலவுக் காசு... ரொக்கமாகக் கொடுத்து வாங்கியிருக்கிறான். வயசைக் கடையில் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. டப்பாவின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: இந்த விளையாட்டுக்கு 3-டி கார்டு கட்டாயம் வேண்டும்.

இவர் ஆபீஸிலிருந்து வந்ததும் கேட்டேன். அவர் சொல்லித்தான் புரிந்தது. படத்தை வேகமாக வரைவதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓர் அட்டை பொருத்துவார்கள். புது கம்ப்யூட்டரில் அது உண்டு. பழையதில் இல்லை. அது இல்லாவிட்டால் க்வேக் III தொடங்கவே தொடங்காது. அன்ரியல் டோர்னமெண்ட் மட்டும் அந்த அட்டை இல்லாமலும், படம் கொஞ்சம் மோசமாக இருந்தாலும், ஓடிவிடும்.

ஆக, சின்னவன் முதலில் ஆசைப்பட்டது அண்ணன் ஆட்டத்துக்குத்தான். வாங்கி வந்து போட்டுப் பார்த்திருக்கிறான். ஓடவில்லை. பிரித்த டப்பாவைக் கடையில் திருப்பி எடுக்க மாட்டார்கள். யாரிடமும் சொல்ல வெட்கம். அதற்கப்புறம்தான் 'அது குப்பை'. ஒரே இடத்திலிருந்து எல்லோரும் தொடங்குகிற ஆட்டமாம்! அரங்கத்துக்குள்ளே வேண்டுமானால் அப்படி இருக்கலாம்.

டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துக் கோட்டுகளையும் திரும்ப மாட்டினேன். அன்றைக்கு மூட்டை கட்டவில்லை.

இவரிடம் சொல்லிப் பழைய கம்ப்யூட்டருக்குப் பொருந்துகிற கார்டு ஒன்று தேடச் சொன்னேன். 'வூடு 3' என்று பெயர், ஏறக்குறைய 100 டாலர். எதற்கு என்று சின்னவன் கேட்டதற்கு, "நீ கிட்டக்க உக்காந்து பாக்கறே, கண்ணுக்கு நல்லதுன்னு அப்பா சொன்னார்" என்றேன். கார்டை மாட்டத் தெரியாமல் இவர் விழித்தபோது, பெரியவன் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பேசாமல் குனிந்து மாட்டிக் கொடுத்தான். சின்னவன் டார்ச் பிடித்தான். "கொஞ்சம் இந்தப் பக்கம் காட்டு" என்பதுதான் ஒரு மாசத்துக்கப்புறம் நான் கேட்ட முதல் பேச்சு.

இனிமேல் சின்னவனும் க்வேக் ஆடுவான், ஒரே கட்சி ஆகிவிடும் என்று நான் கணக்குப் போட்டேன். நடக்கவில்லை! அந்தக் கார்டில் அன்ரியல் இன்னும் ஜோராக ஓடியது. படம் திரை முழுக்க வந்தது. கோபுரத்துக்குப் பின்னால் பூமி நீலமாகச் சுற்றியது. "இப்போ அண்ணா ஆட்டமும் ஓடும் இல்லே?" என்று மெள்ளக் கேட்டுப் பார்த்தேன். "ஓடும். எனக்கு வேண்டாம்மா" என்றான். அதில் கோபம் இல்லை. அவனுக்கு நிஜமாகவே அது பிடித்துப் போயிருந்தது. வேறு வழியில்லாமல் கட்டிக் கொண்டதுதான், இப்போது விட மனசில்லை. நம்மில் எத்தனை பேர் குடித்தனம் அப்படி!

அப்புறம் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரு ஒயரால் இணைத்துக் கொண்டார்கள். நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன்: ஒரு நாள் அவன் ஆட்டம், ஒரு நாள் இவன் ஆட்டம். பத்து மணிக்கு விளக்கை அணைக்க வேண்டும். அரைமணிக்கு ஒரு தடவை எழுந்து போய்த் தண்ணீர் குடித்து, மணிக்கட்டை உதறிவிட்டு வர வேண்டும். பெரியவனுக்கு வலது மணிக்கட்டில் வலி வர ஆரம்பித்திருந்தது. மேஜையைத் தாழ்த்திப் போட்டதும் குறைந்தது. க்வேக்கில் சின்னவன் தோற்பான், அன்ரியலில் பெரியவன் தோற்பான். தோற்றவன் அந்த ஆட்டமே சரியில்லை என்பான். வீடு பழையபடி இரைச்சலாக ஆயிற்று. எனக்கு அது போதும்.

2000 ஆகஸ்டில் மெஸ்கீட்டில் 'க்வேக்கான்' நடந்தது. க்வேக் ரசிகர்களின் திருவிழா. 1996-ல் நூறு பேர் போலக் கூடி ஆரம்பித்தது. அனுமதி இலவசம், வேலை செய்கிறவர்களெல்லாம் தொண்டர்கள். அவரவர் கம்ப்யூட்டரை அவரவர் தூக்கிக் கொண்டு வர வேண்டும். பெரியவனையும் அந்தக் கனமான டி.வி. பெட்டி போன்ற மானிட்டரையும் நான்தான் காரில் ஏற்றிக் கொண்டு போனேன். "எதிரி நாட்டைப் பாத்துட்டு வரேன்" என்று சின்னவனும் ஏறிக் கொண்டான். இருட்டான பெரிய மண்டபம், வரிசை வரிசையாகத் திரைகள், மேஜைக்கடியில் தூங்கும் பிள்ளைகள், பழைய பிட்ஸா வாசனை! தோற்றவன் ஒருத்தன் எழுந்து போய், தன்னை ஜெயித்தவன் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்று, அவன் அடுத்த ஆட்டத்தை வேடிக்கை பார்த்தான். சின்னவன் என் பக்கத்தில் அரைமணி நின்றுவிட்டு, "நல்லாத்தான் ஆடறாங்க" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

அந்த மாதமே பெரியவன் காலேஜுக்குப் போனான். அங்கே போனால், மாணவர் விடுதியில் எல்லோரும் 'கவுண்ட்டர்-ஸ்ட்ரைக்' ஆடுகிறார்களாம். பதுங்கி, மெதுவாக நடந்து, செத்தால் அந்தச் சுற்று முடிகிறவரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டிய ஆட்டம். இந்த இரண்டு கட்சியும் அடித்துக் கொண்டிருந்தபோது மூன்றாவது ஆள் வந்து கூட்டத்தையே கொண்டு போய்விட்டான். பெரியவன் போன் பண்ணினால் முன்பெல்லாம் என்னோடுதான் பேசுவான். அந்த நவம்பரில், "அவனைக் கூப்பிடும்மா" என்றான். சின்னவன் ரிசீவரைப் பிடித்துக் கொண்டு முக்கால் மணி சிரித்துச் சிரித்துப் பேசினான். "யாருமே ஓட மாட்டேங்கறாங்களாம்மா" என்றான் என்னிடம், இழவு விசாரிக்கிற தொனியில்.

இப்போது நானும் இவரும் திருச்சிக்குத் திரும்பி வந்துவிட்டோம். பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேயே, வேறு வேறு ஊரில். இரண்டு பேர் தலையிலும் நரை. 2023 ஜனவரியில், எபிக் கம்பெனி தன் பழைய அன்ரியல் விளையாட்டுகளுக்கான இன்டர்நெட் சேவையை நிறுத்தியது. அன்றைக்கு வீடியோவில் மூன்று பேருமாகப் பேசிக் கொண்டிருந்தோம். பெரியவன்தான் முதலில் எடுத்தான். "டேய், கேள்விப்பட்டேன்... உனக்கு வருத்தமா இருக்கா?" என்றான். சின்னவன், அதெல்லாம் ரசிகர்களே வேறு வழியில் நடத்திக் கொண்டுதான் இருக்கிறார்கள், வா, இந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுகிறேன் என்றான். பெரியவன், அந்தத் தட்டு வீசுகிற வேலையெல்லாம் ஏமாற்று, அது ஆட்டமே இல்லை என்றான். அதற்கப்புறம் நான் பேச இடமே கிடைக்கவில்லை. போனை மேஜை மேல் சாய்த்து வைத்துவிட்டு அவரைக்காய் நறுக்கப் போனேன்.

அந்த டப்பா? ரிச்சர்ட்சன் வீட்டைக் காலி செய்தபோது அவன் அதைக் குப்பையோடு போட்டிருந்தான். நான் எடுத்து வந்துவிட்டேன். இங்கே பரணில், என் பழைய ரசீதுகளோடு இருக்கிறது. நான் பார்த்தது அவனுக்குத் தெரியாது. அவன் தமிழ்ப் பத்திரிகை படிக்கிறவனும் இல்லை.